முந்தி வந்த பதில்

உங்கள் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலி சுகமானது, டாக்டர். உட்கார்ந்ததுமே கண்ணைச் சொக்கிவிட்டது. இப்போதெல்லாம் எங்கே சாய்ந்தாலும் எனக்குத் தூக்கம்தான். அப்படி ஓர் அலுப்பு.

வாத்தியாருக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை, பிறகு எதனால் இப்படி என்று கேட்டீர்கள். இல்லாததைத் தேடுவது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஆபீசில் அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து விளக்க ஆரம்பித்துவிடுவார். நாங்கள் செய்வது டீபக்கர். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, தப்பு எங்கே என்று உள்ளே பார்க்க உதவும் கருவி. அதில் ‘பின்னணியில் ஓட்டு’ என்ற கட்டளை அவர் எழுதியது. புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், நாம் முன்னால் வேறு வேலை பார்க்கலாம். அது ஒழுங்காக நடக்கிறதா என்று தினமும் தானாகவே சோதிக்கும் டெஸ்ட் நான் எழுதியது.

கட்டளை கொடுத்தால் இரண்டு பதில் வர வேண்டும். ‘அடுத்ததைச் சொல்லலாம்’ என்று ஒன்று, ‘ஓடி நின்றுவிட்டது’ என்று ஒன்று. முதலாவதுதான் முந்தி வரும் என்று நான் டெஸ்டில் எழுதிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு வேலை மிகுந்துவிட்டால் இரண்டாவது முந்திக்கொள்ளும். எது முந்தினாலும் சரிதான். ஆனால் என் டெஸ்ட் உடனே கட்டளையில் தப்பு என்று திரையில் சிவப்பைக் காட்டிவிடும்.

முதல் முறை சிவந்தபோது மேனேஜர் என் தோளைத் தட்டினார். “வாத்தியார் எழுதினதுலயே ஓட்டை கண்டுபிடிச்சுட்டியே, பெரிய ஆளுய்யா நீ” என்றார். அத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை. தப்பு என்னுடையது என்று அன்று மாலையே புரிந்துவிட்டது. ஒரு வரி மாற்றினால் போதும். அசதியாக இருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

வாத்தியார் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதே கட்டளை, அதே புரோகிராம். ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு. சவரம் செய்வதை விட்டார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. ஒருநாள் என் மேஜைக்கு வந்து, “டெஸ்ட்லயே ஏதாவது தப்பு இருக்குமோப்பா?” என்று கேட்டார்.

“அதைத்தான் சார் முதல்ல பாத்தேன். அது சரியாத்தான் இருக்கு.”

தலையாட்டிக்கொண்டு போனார். என்னை அப்படியே நம்பினார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நடுவில் சில நாள் தொடர்ந்து பச்சையாகவே வந்தது. மனுஷர் சிரிக்க ஆரம்பித்தார், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு நம்பிக்கை வைத்துவிட்டு, பிறகு திடீரென்று சிவந்தால் தாங்கமாட்டாரே என்று எனக்குப் பயம். அதனால் டெஸ்ட் ஓடும் கம்ப்யூட்டரில் வேறு வேலைகளையும் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை சிவந்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது அப்படிச் செய்ய வேண்டியிருந்தது.

“எங்கப்பாவுக்குக் கடைசியில எங்க முகமே தெரியாமப் போச்சு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சு போல. நான் எழுதினது எனக்கே புரியல” என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். “எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துருங்க சார்” என்று சொன்னதும், உங்கள் விலாசத்தைத் தேடிக் கொடுத்ததும் நான்தான்.

அவர் வேலையை விட்டுப் போன அன்று அந்த ஒரு வரியை மாற்றினேன். அன்றிலிருந்து பச்சைதான். வாத்தியாரால் முடியாததை முடித்தவன் என்று அவர் இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் மனைவி, “நீங்க ஒருத்தர்தான் தம்பி வந்து பாக்கறீங்க” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா பெயரைக் கேட்டால்கூட, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாத்தியார் தயங்குகிறார். என்னைப் பார்த்தால் மட்டும், “அது கிடைச்சுதாப்பா?” என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை இப்போதைக்கு அவர் காதில் போட்டுவிடாதீர்கள், டாக்டர். முதலில் மனுஷர் தேறட்டும். தேறியதும் நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.