இரு கணினிகளுக்கு நடுவே அன்னபுஷ்பம் அம்மையார்

அன்பின் உருவே! அயராத உழைப்பே! உதிரிபாகக் கிடங்கின் உயிர்மூச்சே! ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையோரத்து எங்கள் தொழிற்சாலையில் இருபத்தோராண்டுகள் எழுத்தராய் இருந்து, இன்று ஓய்வு பெறும் அன்னபுஷ்பம் அம்மையீர்! உடன் பணிபுரிந்தோர் அனைவரின் சார்பிலும் உங்கள் பக்கத்து மேசைச் சசிரேகா வணங்கி வாசிக்கும் மடல் இது.

பேரேட்டில் முத்து முத்தாய் எழுதிய உங்கள் மேசைக்கு மூன்றாண்டுகளுக்கு முன் டாஸ் கணினி வந்தது. அதைப் பழகி முடிக்குமுன் தலைமை அலுவலகம் யூனிக்ஸ் கணினி ஒன்றையும் அனுப்பி, இரண்டிலும் வேலை செய்யச் சொன்னது. கோப்புப் பட்டியல் கேட்க ஒன்றில் ஒரு சொல், மற்றதில் வேறு சொல். ஒன்றுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. மற்றதற்கோ அவை வெவ்வேறு. "காலையில ஒரு பாஷ, சாப்ட்டு வந்தா ஒரு பாஷ. என் வெரலு இன்னா பண்ணும்?" என்று நீங்கள் அலுத்துக்கொண்ட குரலும், நாங்கள் சிரித்த சிரிப்பும் இன்னும் செவியில் ஒலிக்கின்றன.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. ஆயிரத்து நானூறு உதிரிபாகங்களின் பட்டியல் யூனிக்ஸ் கணினியிலிருந்து ஒரு நொடியில் மறைந்தது. நகலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான என்னை அழைத்த மேலாளர் தசரதன் ஐயா, "இன்னாம்மா பண்ணி வெச்ச? நாளையிலேர்ந்து வராத" என்றார். நீங்கள் எழுந்தீர்கள்.

"இந்தப் பொண்ணு பண்ணல சார், நான்தான். பழச அழிக்கலாம்னு பாத்தேன். அந்த டாஸ் பொட்டி, அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேக்கும். இதுவும் கேக்கும்னு தட்டிட்டேன். இது கேக்காம எல்லாத்தையும் வழிச்சிக்கினு பூடுச்சி."

"ரிட்டையர் ஆவ ஒரு வருசம்தான் கீது. ஏம்மா உங்க பேர கெடுத்துக்கிறீங்க?"

"அதுக்கோசரம் இந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவணுமா சார்?"

பத்தொன்பது நாட்கள் அலமாரி அலமாரியாய் ஏறி இறங்கி நீங்கள் பெயர் சொல்ல, நான் தட்டச்சிட்டேன். பட்டியல் மீண்டது; என் வேலையும் நிலைத்தது. உங்களுக்குக் கிடைத்ததோ, பணிக்காலத்தின் ஒரே எச்சரிக்கைக் கடிதம். அதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவதாகச் சென்ற வாரம் ஐயா மனமுவந்து சொன்னபோதும், "இருக்கட்டும் சார், நான் பண்ணதுதானே" என்றீர்கள்.

அம்மையீர்! வாலாஜாபாத் இல்லத்தில் பேரன்புச் சுற்றம் சூழ, ஆண்டவர் அருளால் நோயின்றி நெடுநாள் நிறைவாய் வாழ்க! திங்களன்று உங்கள் நாற்காலியில் நான் அமர்கிறேன். என் விரலும் தடுமாறும். தடுமாறினால், எழுந்து நின்று சொல்வேன்.

30.11.1991

என்றும் உங்கள் நினைவில்,
உதிரிபாகக் கிடங்கு மற்றும் அலுவலகப் பணியாளர்கள்