பச்சை எங்கே?

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் அலுவலகப் பெருமக்களே, முன்வரிசை நிழலில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பின்வரிசை வெயிலில் நின்றிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கொடித் தையல்காரியின் வணக்கம்.

கொடியின் பொருளைப் பேசச் சொல்லி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். பதினாறு ஆண்டுகள் தைத்தவளுக்குத் தெரியாதா? கம்பத்தை ஒட்டி நிற்கும் நீலம், நீதி. நடுவில் நிற்கும் வெள்ளை, வாய்மை. காற்றுப் பக்கம் கடைசியில் நிற்கும் பச்சை, உழைப்பு. கைதட்டுகிறீர்கள், நன்றி. கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

வெட்டவெளியில் பறக்கும் கொடி எங்கே முதலில் கிழியும்? கம்பத்தோடு கட்டுண்ட நீதி கிழியுமா? நடுவில் நலமாய் இருக்கும் வாய்மை கிழியுமா? காற்றோடு மல்லாடிக் கந்தலாவது கடைசியில் நிற்கும் பச்சைதான். ஆமாம் என்கிறார் அங்கே ஒரு தாய். மாடியில் துணி காயப்போட்டவருக்குத் தெரியும்.

புதுத்துணி கேட்டேன். மேற்பார்வையாளர் என்ன சொன்னார்? "பிசிறை வெட்டிட்டு ஓரத்தை மடிச்சு அடிம்மா. கீழேயிருந்து யாருக்குத் தெரியப்போகுது?" வெட்டினேன். மடித்தேன். அடித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் அகலம் உழைப்பு குறைந்தது.

அதைக் கவனித்தவன் ஒருவன்தான், என் தம்பி. கொடியை ஏற்றி இறக்குவது அவன் வேலை. "என்னக்கா, பச்சை இளைச்சுக்கிட்டே போகுது? அதுக்குச் சாப்பாடு போடுறதில்லையா?" என்று கேலி செய்வான்.

போன மழைக்காலத்தில் கொடி மேலே கப்பியில் சிக்கிக்கொண்டது. விருந்தினர் வரும் நேரம். "காத்து அடங்கட்டுங்க ஐயா" என்றான் தம்பி. "கொடிக்கு அவமரியாதைடா, ஏறு" என்றார்கள். ஏறினான். சிக்கலை எடுத்தான். கொடி விரிந்தது, அவன் விழுந்தான். அவனைச் சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து கொடிக்கு வணக்கம் வைத்தார்கள்.

இன்று இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பேர்ல எங்ககிட்ட ஆளே இல்லையே" என்றார்கள். பதினோரு ஆண்டுகள் காலையில் ஏற்றி மாலையில் இறக்கியவன், ஆளே இல்லையாம். "நான் அங்க வேலை பார்த்தேன்னு ஒரு வரி எழுதச் சொல்லுக்கா, அது போதும்" என்கிறான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இன்று காலை எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து வணங்கினீர்களே, அந்தக் கொடியை இப்போது ஒருமுறை பாருங்கள். நீலம் இருக்கிறதா? இருக்கிறது. வெள்ளை? இருக்கிறது. பச்சை எங்கே?

தேடாதீர்கள். மிஞ்சியிருந்த நாலு விரல் பச்சையையும் நேற்று நானே வெட்டிவிட்டேன். இதோ, என் பையில் இருக்கிறது. இத்தனை பேர் வணங்கினீர்கள், ஒருவருக்காவது அது இல்லாதது தெரிந்ததா? கம்பத்தடியில் என் தம்பி நின்றிருந்தால், கயிற்றைத் தொட்டதுமே கேட்டிருப்பான்.

ஊசியும் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். பதிவேட்டில் அவன் பெயரை எழுதுங்கள். அந்த மை காய்வதற்குள் உழைப்பைத் தைத்துக் கொடுத்துவிடுகிறேன். எழுதும்வரை அது என் பையிலேயே இருக்கும்.

நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. கேட்காததுபோல் அமர்ந்திருந்த பெருமக்களுக்கும் நன்றி. வணக்கம்.