அமராவதி தேர்ந்தெடுத்த பூக்கள்

செம்பருத்தி என்றால் ஏஐ கொஞ்சம் தடுமாறும், சார். ஐந்து இதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு போட்டுவிடும். நான் ஒவ்வொரு பூவையும் பெரிதாக்கி, அதிகப்படி இதழை அழிப்பேன். ஃப்ளெக்ஸ் பேனரில் யாரும் இதழை எண்ணப் போவதில்லை. இருந்தாலும் எனக்கு மனசு கேட்காது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. பதினோரு வருடமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் வடிவமைக்கிறேன். இறந்தவர் முகத்தைச் சுற்றி ஒரு பூ வளையம் வரும். முன்பு எல்லாருக்கும் ஒரே ரோஜாதான். ஏஐ வந்த பிறகு ஆளுக்கு ஒரு பூ. என்ன வேண்டும் என்று எழுதினால் நான்கு படம் தரும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, இந்தத் தெருவுக்கு நான் ஓவியன். ஆனால் யாரும் நேரில் வருவதில்லை. போட்டோவும் பெயரும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசுவது டீக்கடையில் மட்டும்தான்.

அமராவதி நேரில் வந்தாள். கணவன் கதிரவன் கடலூர் ரோட்டில் பைக் விபத்தில் இறந்துவிட்டான். அவனிடம் இருந்த அவள் போனும் நொறுங்கிவிட்டதால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வழியில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள்.

"செண்டுப்பூ வேணாண்ணே, அவுருக்கு அந்த வாசனையே ஆவாது" என்றாள். படத்தில் ஏது வாசனை என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு மனோரஞ்சிதம் பிடிக்குமாம். ஏஐக்கு அந்தப் பூ தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, பச்சையும் மஞ்சளுமாகத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தோம். "அவுரு பாத்தா சிரிப்பாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். பேச்சுவாக்கில் வீட்டில் யாருக்கு எந்தப் பூ என்றும் சொன்னாள். மாமனார் சிங்காரத்துக்குச் செம்பருத்தி என்றால் உயிராம். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கும் வந்தாள். அரை மணி நேரம்தான் இருந்தாள். கிளம்பும்போது, "இதோட ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேண்ணே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிங்காரம் தினமும் விடியற்காலையில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பல் விளக்குவார். நீச்சல் தெரியாது என்று அவள்தான் ஒருமுறை சொல்லியிருந்தாள். பூக்களைத் திருத்த இரண்டு நாள் பிடிக்கும் என்பதால் திங்கட்கிழமையே செம்பருத்தி வளையத்தைத் தொடங்கிவிட்டேன். புதன்கிழமை மதகுக்குப் போனேன். வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். முதுகில் ஒரு கை வைத்ததே போதுமாக இருந்தது. தண்ணீர் அடங்கும்வரை நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று.

"மொதல்ல காட்டுனீங்களே, அந்தப் பூவே நல்லா இருந்துச்சுண்ணே" என்று மவுஸை வாங்கித் திரையை மேலே நகர்த்தினாள். நாம் எழுதிக் கேட்டதையெல்லாம் ஏஐ தேதியோடு வைத்திருக்கும். 'சிங்காரம், கண்ணீர் அஞ்சலி, செம்பருத்தி வளையம்' என்று நான் எழுதியது அங்கே இருந்தது. திங்கட்கிழமை தேதி. அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் மவுஸை விட்டுவிட்டு ஸ்டூலைத் தள்ளி எழுந்தாள். பிறகு, "எங்க மாமா ஒனக்கு என்னய்யா பண்ணாரு?" என்றாள்.

ஒன்றும் பண்ணவில்லை, நல்ல மனிதர் என்றேன். அதுவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

சிங்காரத்தைத் தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்கிறீர்கள். கோபம் இருக்கும், ஆறிவிடும். வீட்டில் மாமியார் அமிர்தம் இருக்கிறார், சர்க்கரை வியாதிக்காரர். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால், அமராவதி பூவுக்கு என்னை விட்டு வேறு யாரிடம் போவாள் சார்?