நாலாம் பக்கத்தில் உடைந்த குழாய்

பைந்தமிழ்ப் பற்றாளர், எங்கள் ஊர்நலச் சங்கத்தின் தலைவர், மாண்புக்கும் மீசைக்கும் உரிய ராஜப்பன் அவர்களே! முன்வரிசையில் வெற்றிலையோடும் பின்வரிசையில் பொறுமையோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஏழு மாதம் குடம் சுமந்து இடுப்பொடிந்த மேட்டுத்தெருத் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தக் கலைவாணனின் கனிவார்ந்த வணக்கம்.

கைதட்டாதீர்கள். இந்த வணக்கத்தால்தான் இத்தனை நாள் உங்களுக்குத் தண்ணீர் வரவில்லை.

மேட்டுத்தெருக் குடிநீர்க் குழாய் உடைந்தது. சங்கச் செயலாளர் நான். மனு எழுதும் மகத்துவம் என்னுடையது. எழுதினேனா? எழுதினேன்! முதல் பக்கத்தில் குடிநீர் அதிகாரியைப் போற்றினேன். இரண்டாம் பக்கத்தில் தென்பெண்ணையைப் பாடினேன். மூன்றாம் பக்கத்தில் வாடிய வயலுக்கும் வதங்கிய வாழைக்கும் கண்ணீர் வடித்தேன். நாலாம் பக்கத்தின் அடியில், நாலே சொல்: 'எங்கள் மேட்டுத்தெருக் குழாய் உடைந்துள்ளது.'

பதில் வந்தது. என்ன பதில்? 'தங்கள் வாழ்த்து மடல் கிடைத்தது. மிக்க நன்றி.'

சிரிக்கிறீர்களா? நான் பூரித்தேன்! சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்! இரண்டாம் மனுவில் அடைமொழியைக் கூட்டினேன். இரண்டாம் நன்றி வந்தது. மூன்றாவதில் தென்பெண்ணைக்கு 'வற்றாத' போடுவதா, 'வளங்கொழிக்கும்' போடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம்தான், தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் தூக்கி வந்த மாதம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதோ, கைக்கட்டோடு அமர்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவருடைய அக்கா தீர்த்தம்மாள் என் வீட்டு வாசலில் நின்றார். மனுவை வாங்கிப் படித்தார்.

"ஏங்க, இதுல குழாய் எங்கங்க இருக்குது?"

"நாலாம் பக்கத்தில் அம்மா!"

"நீங்க கடைத்தெருவுல இருக்கீங்க, உங்க வூட்ல தண்ணி வருது. வராம இருந்தா குழாய் மொதப் பக்கத்துக்கே வந்திருக்குங்க."

என்ன அங்கே விசில்? அடி வாங்கியவன் நான், விசில் உனக்கா?

அவர் காலண்டர் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் படம் வரைந்தார்: தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரு கோடு, நடுவே மாதேஷ் டீக்கடை, கடைக்கு முன்னால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. முப்பத்திரண்டு கட்டம் போட்டுக் கட்டத்துக்கு ஒரு கவிழ்ந்த குடம். தலைப்பில், 'இங்கே ஒடஞ்சிருக்குது. முப்பத்திரண்டு வூட்டுக்குத் தண்ணி இல்லை.' அவ்வளவுதான்! பதறிப்போனேன். "மாண்புமிகு கூட இல்லையே அம்மா!" என்றேன். "வணக்கத்த நேர்ல சொல்லிக்கிறேங்க" என்றார்.

தாளை அவரே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தார்; நாலாம் நாள் ஆட்கள் வந்தார்கள். காலண்டர் தாளைக் கையில் பிடித்தபடி, யாரையும் வழி கேட்காமல், டீக்கடை வாசலில் கடப்பாரையை இறக்கினார்கள். நேற்று குழாயில் தண்ணீர் வந்தது.

எழுத்து யாருக்காக? எழுதுகிறவன் அழகு பார்க்கவா, படிக்கிறவன் அறிந்துகொள்ளவா? தலையாய செய்தியைத் தலையில் வைக்கக் கூடாதா? கட்டத்தில் அடங்குவதைக் கட்டுரையாக்கிக் கழுத்தறுக்க வேண்டுமா? படம் பேசும் இடத்தில் பல்லவி எதற்கு? ஏழு மாதம் நான் எழுதியது மனுவே அல்ல, என் பெருமை.

இனி நிகழ்ச்சியின் சிகரம்! தீர்த்தம்மாளுக்கு நானே இயற்றிய, ஆறு பக்கப் பாராட்டு மடல்! தலைவர் அவர்களே, தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். பழக்கம் விடவில்லை. மேடைக்கு வாருங்கள் தீர்த்தம்மா. முதலில் படித்துவிடட்டுமா?

"வேணாங்க, அப்படியே குடுங்க. பின்பக்கமெல்லாம் வெறுமையாத்தான இருக்குது? தெருவிளக்கு மூணு எரியல. படம் போடணும்."

கேட்டீர்களா? இதோ கொடுத்துவிட்டேன். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. மேட்டுத்தெருவுக்கு என் வணக்கம்!