மூன்று டிவைஸ்களுக்கு மட்டும்

எந்த ஆப்பிலும் ‘சம்மதிக்கிறேன்’ என்பதை அழுத்தும் முன் விதிமுறைகளை முழுவதும் படித்துவிடுவது என் வழக்கம். சிதம்பரத்தில் மாலைநேரக் கணினி வகுப்பில் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். படித்ததைத் தேதி போட்டு டைரியில் எழுதிவைப்பேன். அந்த டைரி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, ஐயா. கையெழுத்து புரியாத இடத்தில் கேளுங்கள்.

தேவநாதன் என் தாய்மாமன். கடலூரில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால் நாங்கள்தான் ஸ்பீக்கர் கட்டுவோம். ஒரு நிறுவனத்திடம் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை முறைப்படி வாங்கி, டவுன்லோடு செய்து தன் போனில் வைத்திருந்தார். ஊரிலேயே ஒரிஜினல் பாட்டு போடுகிற ஒரே ஆள் என்று அவருக்குப் பெருமை. எனக்கும்தான்.

அந்த நிறுவனத்தில் ஒரு கணக்குக்கு ஆயுள் முழுவதும் மூன்று டிவைஸ்கள். மாமாவின் பழைய போன் முதலாவது. அது சில்வர் பீச்சில் அலையோடு போனதால் வாங்கிய புதுப் போன் இரண்டாவது. ரிப்பேரில் அந்தப் புதுப் போனுக்கு போர்டு மாற்றினார்கள். நிறுவனம் அதை மூன்றாவது போனாக எண்ணிக்கொண்டது. மூன்றும் முடிந்தது.

சிதம்பரம் பக்கத்து விசேஷங்களை மாமா என்னிடம் விட்டிருந்தார். அவர் போன் கடலூர் விசேஷங்களுக்கு அவரிடமே வேண்டும். பாட்டுகளை என் லேப்டாப்புக்கு காப்பி செய்தேன். பெயர்கள் வந்தன, பாட்டு வரவில்லை. நான்தான் ஏதோ தவறு செய்கிறேன் என்று பதினொரு முறை செய்துபார்த்தேன். வைகாசியில் ஒரு ரிசப்ஷனில், அறுநூறு பேர் முன்னால், மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் ‘உங்களுக்கு உரிமை இல்லை’ என்று வந்தது. கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா மைக்கை வாங்கி, “யாருக்குப்பா உரிமை இல்ல, மாப்ளைக்கா?” என்றார். கூட்டம் சிரித்து அடங்க நேரமானது.

ஆவணி இருபத்தொன்பதாம் தேதி சிதம்பரத்தில் இன்னொரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதுவும் இப்படியானால் அந்த ஊரில் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

செல்போன் கடை ராபர்ட் என் நண்பன். “பென்டிரைவக் குடு மச்சான். நீ டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆயிரம் பாட்டு ஏத்தி வெக்கிறேன்” என்றான். அது திருட்டு என்றேன். ஊரே அதைத்தான் செய்கிறது என்றான். ஊர் செய்தால் சரியாகிவிடுமா?

நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். சத்யப்பிரியா என்ற பெண் பேசினார். பொறுமையான பெண்.

“ஓனர் உயிரோட இருக்கறவரைக்கும் டிவைஸ் மாத்த முடியாதுங்க சார்.”

இல்லாவிட்டால் என்று கேட்டேன்.

“அப்ப நாமினிக்கு புதுசா மூணு டிவைஸ் கெடைக்கும் சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

வேண்டாம் என்றேன்.

மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அன்று மாலையே என் பெயரை நாமினியாகப் போட்டுக்கொடுத்தார். “நான் போனப்பறம் எல்லாம் உனக்குத்தான மாப்ள” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

மாமா செருப்பைக் கழற்றாமல் மைக்கைத் தொடமாட்டார். மைக் சோறு போடுகிற தெய்வம் என்பார். ஆவணி இருபதாம் தேதி குறிஞ்சிப்பாடியில் ஒரு காதுகுத்து. எர்த் ஒயரைக் கழற்றினேன். மேடைக்கு முன் புழுதி அடங்கட்டும் என்று இரண்டு குடம் தண்ணீர் தெளித்தேன். பிறகு மைக்கை அவர் கையில் கொடுத்தேன். எதனால் காரியம் முடிந்தது, ஒயரா தண்ணீரா, என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டையும் மாற்றியது முறையல்ல. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

தாய்மாமன் சாவுக்கு மருமகனுக்கு மூன்று நாள்தான் தீட்டு என்று முன்கூட்டியே விசாரித்திருந்தேன். கல்யாணத்துக்குப் போவதில் தடையில்லை.

உரிமையை மாற்றும் ஓடிபி மாமாவின் போனுக்குத்தான் வரும். அதைத் திறக்க அவர் கட்டைவிரல் வேண்டும். மாலை போடக் குளிர்பெட்டியின் மூடியைத் திறந்தபோது அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் சில்லிட்டிருந்ததால் போன் ஏற்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றினேன். மாமாவின் மனைவி அமிர்தம் அத்தை பார்த்துவிட்டு, “மாமன் கைய வுடமாட்டேங்கறான் பாரு” என்று சொல்லி அழுதார். வந்திருந்தவர்களும் அழுதார்கள். நான்காவது முறை திறந்தது.

விண்ணப்பத்தில், ‘இறப்பு எவ்வாறு நேர்ந்தது’ என்று ஒரு கட்டம் இருந்தது. தவறான தகவல் தந்தால் கணக்கு ரத்தாகும் என்று அடியில் எழுதியிருந்தார்கள். ஒயர், தண்ணீர், மைக் என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு நிமிடத்தில் வாழ்த்துச் சொல்லி ஒப்புதல் வந்தது. கல்யாணத்தில் பாட்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பதினைந்து நாள் கழித்துத்தான் நிறுவனத்தில் யாரோ அந்தக் கட்டத்தைப் படித்திருக்கிறார்கள். விதிமுறைகளை மட்டுமல்ல, விண்ணப்பங்களையும் யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை.

ஏன் செய்தாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். மாமாவைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதும் அறிக்கையில் ஒன்று விடுபட்டுவிடக்கூடாது, ஐயா. அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் திருடவில்லை.