கழுவி வைத்த ஸ்பூன்

அப்பா: ...பாப்பா நெத்தியைத் தொட்டுத்தான் பாரேன். ஜில்லுன்னு இருக்கா.

அம்மா: தொட்டுட்டேன்.

அப்பா: அப்புறம் என்ன யோசனை? யூனிஃபார்மைப் போட்டு விடு, கிளம்பட்டும்.

அம்மா: இருங்க. தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்துடறேன். பாப்பா, கையைத் தூக்கு.

அப்பா: ஸ்கூல் நர்சம்மா டியூட்டியை வீட்டுலயே ஆரம்பிச்சுட்டாங்கப்பா!

அம்மா: கிண்டல் வேண்டாம். நேத்து ஸ்கூல் கேட்ல ரெண்டு பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தியோட அம்மா கண் கலங்கிட்டா. மருந்து குடுக்காமலே முழுசா ஒரு நாள் காய்ச்சல் இல்லாம இருக்கணும், அப்புறம் கூட்டிட்டு வாங்கன்னு கறாரா சொல்லிட்டு வந்திருக்கேன்.

அப்பா: சரி சரி... எவ்வளவு காட்டுது?

அம்மா: காய்ச்சல் இல்ல.

அப்பா: பார்த்தியா? ராத்திரி அடிச்ச காய்ச்சல் தானா இறங்கிடுச்சு.

அம்மா: ம்... தானாத்தான்.

பாப்பா: அம்மா, வயிறு ஒரு மாதிரி இருக்கு.

அப்பா: பசிடா கண்ணு. பாலைக் குடி, சரியாயிடும்.

அம்மா: பாலை வாய்லயே வைக்கலைங்க அவ. கண்ணு சொருகுது பாருங்க. நீங்க இன்னைக்கு லீவு போட்டா என்ன?

அப்பா: நானா? இன்னைக்கு கிரேன் ஓட்ட என்னை விட்டா ஆள் கிடையாது. போன வாரம் நான் இருந்தேன்ல? இது உன் முறை.

அம்மா: முறையாம் முறை! கூட இருக்கற நர்ஸ் ஊருக்குப் போயிட்டா. கேட்ல நான் ஒருத்திதான் நிக்கணும். என் வேலைன்னா மட்டும் உங்களுக்கு இளக்காரம்.

அப்பா: நான் எப்ப அப்படிச் சொன்னேன்? காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு இந்த ரகளை?

அம்மா: ஒரு நிமிஷம்...

அப்பா: இப்ப என்ன?

அம்மா: இந்த மருந்து ஸ்பூன் ஏன் பிசுபிசுன்னு இருக்கு? நான்தான் கழுவி வச்சேனே.

அப்பா: ...நீ எதுக்கு ஸ்பூனைக் கழுவின?

அம்மா: பேச்சை மாத்தாதீங்க.

அப்பா: உன்னைத்தான் கேக்கறேன். எதுக்குக் கழுவின?

அம்மா: முதல்ல நீங்க சொல்லுங்க. கழுவின ஸ்பூன்ல மருந்து எப்படி வந்துச்சு?

அப்பா: கத்தாத... பிள்ளை பயப்படறா.

அம்மா: எனக்கும்தான் பயமா இருக்கு! பாப்பா, இங்க பாரு தங்கம். அப்பா உனக்கு மருந்து குடுத்தாரா?

பாப்பா: போம்மா, கேக்காத.

அப்பா: அம்மா குடுத்தாளா? சொல்லும்மா, திட்ட மாட்டேன்.

பாப்பா: சொல்ல முடியாதுப்பா.

அம்மா: ஏண்டா?

பாப்பா: சத்தியம் பண்ணிருக்கேன்ல? விடியக்காலைல நீ குடுத்தப்போ உனக்கு... அப்புறம் நீ குளிக்கப் போனப்போ அப்பாவுக்கு.