தந்தி மாற்றிய கை

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்கல்லூரி முதல்வர் அவர்களே, கலைஞர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் மனைவி அக்கா அவர்களே, அவர் மகளே, மறைந்த மாஸ்டருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மாஸ்டரின் கிட்டார் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெருகு போட்டவன் நான். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பொறுங்க மாஸ்டர்' என்றுதான் நாம் அவரை அழைத்தோம். கிட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "பொறுங்க" என்பார். பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் தினமும் தொலைபேசியில் "எப்படி இருக்கான்?" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையைப் போல விசாரித்தவர்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களுக்கும் அதே பதில்தான். குறையே இல்லாத மனிதரா அவர்? இல்லை. சொன்ன நாளில் ஒரு வேலையையாவது முடித்ததுண்டா? நான் பார்த்ததில்லை! ஆனால் அவர் கையிலிருந்து போன கிட்டாரை யாராவது வேண்டாம் என்று திருப்பித் தந்ததுண்டா?

ஒரே ஒருவர் தந்தார். மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தத் தங்கை அச்சகத்தில் வேலை பார்த்தவர். வெட்டும் இயந்திரத்தில் சிக்கி இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. தந்தியை அழுத்தும் கை அது! கட்டுப் பிரித்த வாரமே பட்டறைக்கு வந்து கிட்டார் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதை யாருக்காவது குடுத்துடுங்க. வீட்ல வச்சுப் பாக்க முடியல."

"வலது கை நல்லாத்தானம்மா இருக்கு?"

"கிண்டல் பண்றீங்களா?"

"பொறுங்க" என்றார் மாஸ்டர்.

தங்கை போன பிறகு நான்தான் கேட்டேன்: "இடக்கைக்காரங்களுக்கு வாகா புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்துடலாமே. இதைப் பிரிச்சா என்ன ஆகுமோ?"

"பதினாலு வருஷம் மடியில வச்சிருந்தது. புதுசு யாருக்குய்யா வேணும்?" என்றார்.

அப்படிச் சொன்னவர், கத்தியைச் சூடாக்கி முன்பலகையைக் கழற்றினார். உள்ளே தாங்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிப் பொருத்தினார். பாதி வேலையில் பலகை சடாரென்று விரிசல் விட்டது. மாஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, விரிசலை ஒட்ட உட்கார்ந்தார். நான்கு மாதம்! வேறு எந்த வேலையையும் தொடவில்லை.

தங்கை வந்தார். தொட மாட்டேன் என்றார். பிறகு தொட்டார். வலது கையால் தந்தியை அழுத்தி, இடது கையில் மீந்திருந்த விரல்களால் மீட்டினார். முதல் நாள் வகுப்புக்கு வந்தவர் வாசிப்பதுபோல் இருந்தது.

"அசிங்கமா இருக்கு மாஸ்டர்."

"கிட்டாருக்கு எல்லாம் தெரியும்மா. உங்க கைக்குத்தான் இன்னும் தெரியல."

அந்தக் கைக்குத் தெரிய இரண்டரை ஆண்டுகள் ஆயின. இதே அரங்கில் அவர் வாசித்தபோது மாஸ்டர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கைதட்டல் ஓயவில்லை. என் காதருகே குனிந்து, "விரிசல் கேக்கல இல்ல?" என்றார். கேட்கவில்லை மாஸ்டர்! யாருக்கும் கேட்கவில்லை!

இவரையா நாம் வெறும் கிட்டார் செய்பவர் என்று சொல்வது? ஒருவரின் வாத்தியம் அவருக்கு யார் என்று அறிந்தவர் என்று சொல்வோம்.

நண்பர்களே, பட்டறையில் நான்கு கிட்டார்கள் பாதியில் நிற்கின்றன. அவற்றை மகளும் நானும் முடிப்போம். நேற்று அவளிடம், கிட்டாருக்குள்ளே ஒட்டும், செய்தவர் பெயர்ச் சீட்டில் அப்பா பெயரையே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. ஏதாவது தப்பா வந்தா அப்பா பேருக்கில்ல வரும்? நம்ம பேரைப் போடுவோம். திட்டு வந்தா நாம வாங்கிக்குவோம்."

மாஸ்டர், அப்படியே செய்கிறோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறை திறந்திருக்கும். கலைஞர்களே, உங்கள் கிட்டார்களைத் தயங்காமல் கொண்டு வாருங்கள். வேலை சரியில்லை என்றால் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.